கண் மங்கிக்கொண்டே வரும் எட்டாம் வகுப்பு மகள்: பள்ளியில் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

திண்டுக்கல்_அம்மா | ஜூன் 21, இரவு 10:40

வணக்கம். ஒரு வருஷமா இங்கே படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னைக்குத்தான் முதல்முறையா எழுதுறேன். நீளமா இருந்தா பொறுத்துக்குங்க.

என் பொண்ணு இந்த வருஷம் எட்டாவது. அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. போன தீபாவளிக்கு அப்புறம் புத்தகத்தை நேரா வைக்காம, தலையை ஒருபக்கமாத் திருப்பிப் படிக்க ஆரம்பிச்சா. கூப்பிட்டா என் காதைப் பார்த்துப் பதில் சொல்லுவா. "மூஞ்சியைப் பார்த்துப் பேசுடி"ன்னு நான் அதட்டியிருக்கேன். அதை நினைச்சா இப்பவும் தூக்கம் வரமாட்டேங்குது.

மூணு தடவை கண்ணாடி மாத்தினோம், ஒண்ணும் சரிவரல. கடைசியில மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் விழித்திரை ஸ்கேன் எல்லாம் எடுத்தப்ப ஸ்டார்கார்ட்னு சொன்னாங்க. விழித்திரையோட நடுப்பகுதி தேயுற நோயாம். நடுப்பார்வை போகும், ஓரப்பார்வை நிக்கும். இப்ப ரெண்டு கண்ணும் 6/36. மருந்து இல்ல, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்கன்னாங்க. நானும் வீட்டுக்காரரும் அத்தை மகன், மாமன் மகள். டாக்டர் "சொந்தத்துல கல்யாணமா?"ன்னு கேட்டப்ப என் மாமியார் வெளியே போய் அழுதுட்டாங்க.

பள்ளி திறந்ததும் ஹெச்.எம்.மைப் போய்ப் பார்த்தேன். "முதல் பெஞ்சுல உக்கார வைக்கிறோம்மா. அதுக்கு மேல எங்ககிட்ட வசதி இல்ல. பார்வையற்றோர் பள்ளியில சேர்த்தா பிள்ளைக்கு நல்லது"ன்னு சொன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. ஆனா அவ ஒண்ணாவதுல இருந்து படிக்கிற பள்ளி அது. அவ தோழிங்க எல்லாம் அங்கேதான்.

முழுசாப் பார்வை போகாத பிள்ளைக்குச் சட்டப்படி ஏதாச்சும் உண்டா? மாற்றுத்திறனாளி அட்டை வாங்கணுமா? "பொம்பளப் பிள்ளை, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரும், பேரைப் பதிஞ்சிடாத"ன்னு சொந்தக்காரங்க தடுக்கிறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவை_ஆர்பி | ஜூன் 21, இரவு 11:55

அக்கா, முதல்ல ஒரு விஷயம். உங்க பொண்ணு உங்க காதைப் பார்த்தது கவனம் இல்லாம இல்ல. நேராப் பார்த்தா உங்க முகம் இருக்கிற இடத்துல அவளுக்கு ஒரு புகை மூட்டம்தான் தெரியும். காதைப் பார்த்தாத்தான் ஓரப்பார்வையில உங்க முகம் விழும். கண் ஆஸ்பத்திரி குறைபார்வைப் பிரிவுல இதைப் பயிற்சியாவே சொல்லிக்கொடுக்கிறாங்க. உங்க பொண்ணு யாரும் சொல்லாமலேயே கண்டுபிடிச்சிருக்கா. இதை எல்லா ஆசிரியர்கிட்டயும் முதல் வேலையாச் சொல்லிடுங்க. இல்லாட்டி "எங்கே பராக்குப் பார்க்கிற"ன்னு தினமும் திட்டு வாங்குவா.

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. அவளுக்கு நேர் எதிர், ஓரத்துல இருந்து சுருங்கிட்டே வந்துச்சு. ஏழாவதுல மாலைக்கண், பன்னிரண்டாவதுல குழாய்க்குள்ள பார்க்கிற மாதிரி. இப்ப வங்கியில வேலை, திரையில இருக்கிறதைக் குரல்ல படிச்சுச் சொல்ற திரைவாசிப்பான் வச்சு. அட்டை வாங்க எங்க வீட்லயும் விடல. அதனால பத்தாவது பொதுத்தேர்வை கூடுதல் நேரம் இல்லாம, எழுத ஆள் இல்லாம எழுதினேன். சமூக அறிவியல் வினாத்தாள்ல பாதியைப் படிக்கவே முடியல. அட்டை வாங்காததால யாருக்கும் என் கண்ணைப் பத்தித் தெரியாமப் போயிடல. ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு. தேர்வு மையத்துக்கு மட்டும்தான் தெரியல.

சிறப்புப்பயிற்றுநர்_தென்மாவட்டம் | ஜூன் 22, காலை 6:30

சகோதரி, நான் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக வேலை செய்கிறேன். உங்கள் மகளின் நிலைக்குச் சட்டத்திலேயே பெயர் இருக்கிறது: குறைபார்வை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பார்வையின்மையையும் குறைபார்வையையும் தனித்தனியாக வரையறுக்கிறது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், 6/18-க்குக் கீழே 3/60 வரை இருந்தால் குறைபார்வை. அதற்கும் கீழே போனால்தான் பார்வையின்மை. 6/36 என்றால், மற்ற பிள்ளைகள் 36 மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தை உங்கள் மகள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும். கரும்பலகைக்கு முதல் பெஞ்சு போதாது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி இரண்டு கண்ணும் 6/24-லிருந்து 6/60-க்குள் இருந்தால் பாதிப்பு 40 சதவீதம். பெரும்பாலான சலுகைகள் 40-இலிருந்து தொடங்குகின்றன. ஆகவே உங்கள் மகளுக்கு இப்போதே சான்றிதழ் கிடைக்க வேண்டும். பின்னால் இரு கண்ணும் 6/60-க்கும் கீழே இறங்கினால் அதே வழிகாட்டுதலில் 70-க்குப் போய்விடும். முற்றிவரும் நோய் என்று மருத்துவரிடம் சொல்லி, மறுமதிப்பீடு எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வாங்கிய அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிற பெற்றோர் நிறைய. பார்வை குறைந்திருக்கும், அட்டையில் பழைய அளவே நிற்கும்.

பள்ளி விஷயம். சட்டத்தின் 16-ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எல்லாவற்றையும் உள்ளடக்கிய கல்விக்குள் கொண்டுவருகிறது. 17-ஆம் பிரிவில் 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், உதவிக் கருவி இலவசம் என்று இருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற தேர்வு மாற்றங்களும் அதே பிரிவில்தான். 31-ஆம் பிரிவுப்படி 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். "சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்" என்று பள்ளி ஆலோசனை சொல்லலாம். அனுப்ப முடியாது.

உதவி பெறும் பள்ளி என்பது உங்களுக்கு நல்ல செய்தி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் சேர்த்தி. ஒரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று அதில் ஒதுக்கீடு உண்டு. பெண் குழந்தைக்கு மாதம் 200 வீதம் 10 மாதத்துக்கு ஊக்கத்தொகை தனி. பணம் பெரிதில்லை, ஆனால் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால்தான் என்னைப் போன்ற ஒருவர் உங்கள் பள்ளிக்கு வந்து ஆசிரியர்களோடு உட்கார முடியும். ஹெச்.எம். "வசதி இல்லை" என்றது, அவர் பார்வையில், உண்மையாகவே இருக்கலாம். வசதி வட்டார வள மையத்தில் இருக்கிறது. நாளையே அங்கு போங்கள். ஒன்றிய அலுவலக வளாகத்திலோ ஒரு பள்ளி வளாகத்திலோ இருக்கும், எந்த அரசுப் பள்ளியில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

திருச்சி_தாய் | ஜூன் 22, பகல் 1:15

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் தப்பா நினைக்காதீங்க. என் மகளை நாலாவது வரைக்கும் பக்கத்துப் பள்ளியில வச்சிருந்தேன். எல்லாரும் பாசமா இருந்தாங்க. ஆனா ஒரு எழுத்து கத்துக்கல. ஓவியப் போட்டியில சேர்க்க மாட்டாங்க, விளையாட்டு பீரியட்ல மரத்தடியில உக்கார வச்சிடுவாங்க. அப்புறம் திருச்சி புத்தூர்ல இருக்கிற பார்வையற்ற பெண்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். விடுதியில விட்டுட்டு வந்த அன்னைக்கு பஸ்ஸுல முழுக்க அழுதேன். ஆறு மாசத்துல எனக்கு பிரெய்லியில கடிதம் எழுதினா. அதைப் படிக்க நான் ஒரு டீச்சரைத் தேடிப் போனேன்.

பாசம் மட்டும் போதாது. படிக்கச் சொல்லித்தர ஆள் வேணும். சிறப்புப் பள்ளின்னா ஏதோ தண்டனை மாதிரி பேசாதீங்க.

திண்டுக்கல்_அம்மா | ஜூன் 22, இரவு 9:20

திருச்சி அம்மா, நீங்க சொன்னதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். என் பொண்ணுகிட்டயே கேட்டேன். "கொஞ்ச நாள் இங்கேயே முயற்சி பண்ணிப் பார்க்கலாம்மா, முடியலன்னா நானே சொல்றேன்"னா. அப்படியே விட்டுட்டேன்.

ஒரு சின்ன விஷயம், மத்த அம்மாக்களுக்கு உதவும். பார்வைன்னு கேட்டதும் வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிட்டு வர்றாங்க. ஸ்டார்கார்ட் பிள்ளைக்கு வைட்டமின் ஏ மாத்திரை கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொன்னாங்க. அந்த வைட்டமினை விழித்திரை கையாளுறதுலதான் கோளாறே, கூடுதலாக் கொடுத்தா கழிவுதான் சேரும்னாங்க. சாப்பாட்டுல வர்ற கீரை, காய் பரவாயில்ல. மாத்திரைதான் வேண்டாம்.

கணக்கு_டீச்சர் | ஜூன் 23, மாலை 5:05

இருபது வருஷமா கணக்கு எடுக்கிறேன். என் வகுப்பில் இரண்டு குறைபார்வைப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். முதல் பிள்ளைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை, எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. இரண்டாவது பிள்ளை என்னைப் பழக்கினாள். அவளிடம் கற்றதை எழுதுகிறேன்.

பலகையில் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இதை இதோடு பெருக்கினால் இது வரும்" என்று சொன்னால் அவளுக்கு ஒன்றுமே இல்லை. "மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து, சமம், இருபது" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகு கடைசி பெஞ்சுப் பிள்ளைகளும் நன்றாகப் போட்டார்கள். பச்சைப் பலகையில் சிவப்பு, நீலச் சாக்பீஸ் வேண்டாம். வெள்ளையும் மஞ்சளும்தான். ஜன்னலுக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள், கூச்சத்தில் இருக்கிற பார்வையும் போகும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வேண்டியபோது எழுந்து பலகைக்கு அருகே போய்ப் பார்க்க அனுமதி வேண்டும், ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு அல்ல.

வடிவியலுக்கு ஒரு வழி. அட்டையில் பென்சிலால் முக்கோணம் வரைந்து, கோட்டின் மேல் பெவிகாலை மெல்லிசாக ஓடவிட்டு ஒரு ராத்திரி காயவிடுங்கள். காலையில் விரலால் தடவினால் பக்கம், முனை, குத்துக்கோடு எல்லாம் கைக்குத் தட்டுப்படும். வட்டத்துக்கு நூலை ஒட்டலாம். செலவு பத்து ரூபாய் ஆகாது.

தயவுசெய்து கணக்கை விட்டுவிடச் சொல்லாதீர்கள். பார்வை குறைந்த பிள்ளை என்றால் பதினொன்றாம் வகுப்பில் கலைப் பிரிவுக்குத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைக்கு விருப்பம் என்றால் சரி. நமக்குச் சுலபம் என்பதற்காகச் செய்யக் கூடாது.

நெல்லை_அப்பா | ஜூன் 24, காலை 8:10

என் மகனுக்கு ஒரு கண் நல்லாருக்கு, இன்னொண்ணு சுத்தமா இல்ல. 30 சதவீதம்தான் போட்டாங்க. 40 இல்லாட்டி ஒண்ணுமே கிடையாதுன்னு பள்ளியில சொல்லிட்டாங்க. அப்படியா?

சட்டம்_படிப்பவள் | ஜூன் 24, இரவு 7:45

நெல்லை அண்ணா, 40 இல்லை என்ற ஒரே காரணத்துக்காக "ஒன்றுமே கிடையாது" என்று சொல்ல முடியாது. விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதம் என்ற வரம்பு பொருந்தும். நியாயமான வசதி ஏற்பாடு, அதாவது அவரவர் தேவைக்கேற்பச் செய்துதரும் மாற்றம், அந்த வரம்புக்குள் அடங்காது, மாற்றுத்திறனாளி ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு, 40 சதவீதம் என்ற அளவுக்கு வராதது. அவருக்கு எழுத்தர், அதாவது சொல்வதை எழுதுபவர், வைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. 40-க்குக் கீழே இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கு எழுத்தர் தருவது பற்றி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. உங்கள் மகனுக்கு எது தேவை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கேளுங்கள்.

திண்டுக்கல் அக்காவுக்கு: எதைக் கேட்டாலும் கடிதமாகக் கொடுங்கள். இரண்டு பிரதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப் பிரிவைக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாக வைத்தால் போதும். நடக்காவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கும் மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. கடிதம் இருக்கிறது என்பதே பாதி வேலையை முடித்துவிடும்.

திண்டுக்கல்_அம்மா | ஜூலை 13, இரவு 10:05

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்றேன்.

கடிதம் எழுத உக்காந்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு நான் ஒருநாளும் சரியாக் கேட்டதில்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திண்ணையில உக்கார்ந்தோம். தினத்தாள், பால் பாக்கெட், பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகைன்னு கைக்குக் கிடைச்சதை எல்லாம் எடுத்து வச்சேன். தலைப்புச் செய்தி படிச்சா. உள்ளே இருக்கிறது முடியல. அவங்க அப்பா கம்ப்யூட்டர் கடையில ஒரே பத்தியை 14, 18, 24, 32ன்னு நாலு அளவுல எடுத்துட்டு வந்தார். 18-ல படிக்க முடியுது, ஆனா நாலு வரியில தலை வலிக்குதுங்கிறா. 24-ல பத்து நிமிஷம் போகுது. 32-ல வார்த்தை பெருசா ஆகி ஒரு பார்வைக்குள்ள அடங்கல, எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கு. அப்ப 24. பெருசாப் பெருசா ஆக்கினா நல்லதுன்னு நான் நினைச்சிட்டிருந்தேன்.

"லி"யும் "வி"யும் குழம்புது, "ன"வும் "ண"வும் சுழி எண்ண முடியலைன்னா. இங்கிலீஷ்ல அந்த அளவுக்குக் கஷ்டம் இல்லையாம். ரெண்டு வருஷமா தமிழ்ல மார்க் குறைஞ்சதுக்குக் காரணம் அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

கடிதத்துல எழுதினது இதுதான், வேற யாருக்காவது பயன்படட்டும்:

"என் மகளுக்கு ஸ்டார்கார்ட் என்னும் விழித்திரை நோய் உள்ளது. மருத்துவ அறிக்கை இணைத்துள்ளேன். நேராகப் பார்த்தால் தெரியாது, சற்று ஒதுங்கிப் பார்த்தால் தெரியும். ஆகவே ஆசிரியர் முகத்தைப் பார்க்காததை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பின்வருவன வேண்டும். வினாத்தாளும் பயிற்சித்தாளும் 24 அளவு எழுத்தில், தடித்த கறுப்பில். பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுதல். எழுந்து அருகே சென்று பார்க்க அனுமதி. தேர்வுக்குக் கூடுதல் நேரம். காலை வழிபாட்டில் வெயிலில் நிற்கும்போது கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் அணிய அனுமதி. வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வர ஏற்பாடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னையும் என் மகளையும் அழைத்து, எது பயன்படுகிறது என்று பேசுதல்."

ஹெச்.எம். ரெண்டு தடவை படிச்சாங்க. "இவ்வளவுதானாம்மா? இதெல்லாம் செய்யலாமே"ன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. போன மாசம் நான் "ஏதாவது செய்யுங்க"ன்னு கேட்டேன். என்ன செய்யணும்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

சிறப்புப்பயிற்றுநர்_தென்மாவட்டம் | ஜூலை 14, காலை 6:15

உங்கள் கடிதத்தை எங்கள் மையத்துப் பெற்றோருக்குக் காட்ட அனுமதி தருவீர்களா? பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். "லி, வி" பற்றி எழுதியது எங்களுக்கே பாடம். தமிழில் ஒரு சுழி, ஒரு கொம்பு மாறினால் சொல்லே மாறுகிறது. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது கோடு ஒரே தடிமனாக உள்ளதைப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை இரண்டு. கறுப்பு சார்ட் அட்டையில் ஒரு வரி உயரத்துக்கு நீளமாக ஜன்னல் வெட்டி, அதைப் புத்தகத்தின் மேல் நகர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். மேல்வரி கீழ்வரி மறைவதால் வரி தவறாது, தாளின் வெளிச்சமும் கூசாது. இரண்டாவது, சாய்வுப் பலகை. பாராயணத்துக்கு வைக்கிற சிக்குப்பலகை போதும். இப்போது புத்தகத்தைக் குனிந்து படிக்கிற பிள்ளைக்கு பதினைந்து வயதில் கழுத்துவலி வந்துவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கடையில் பார்த்து வாங்க வேண்டாம். எத்தனை மடங்கு வேண்டும் என்பதைக் குறைபார்வைப் பிரிவில் அளந்துதான் சொல்ல வேண்டும்.

கோவை_ஆர்பி | ஜூலை 14, இரவு 9:30

அக்கா, பிரெய்லியை இப்பவே ஆரம்பிங்க. ஸ்டார்கார்ட்ல முழு இருட்டு வராதுன்னு தெரியும். ஆனா 24-ல பத்து நிமிஷம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பன்னிரண்டாவது புத்தகத்தைப் பத்துப் பத்து நிமிஷமா எப்படிப் படிச்சு முடிக்கிறது? எனக்கு 22 வயசுல கத்துக்கிட்டப்ப விரல் மரத்துப்போன மாதிரி இருந்துச்சு, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். 13 வயசு விரல் வேற.

சிறப்புப்பயிற்றுநர்_தென்மாவட்டம் | ஜூலை 15, காலை 6:40

தம்பி, இதில் எனக்கு உங்கள் அளவுக்கு உறுதி இல்லை. நடுப்பார்வை மட்டும் போகும் பிள்ளைகள் பலர் பெரிய எழுத்தும் கேட்டல்வழிப் படிப்புமாகவே கல்லூரி முடித்திருக்கிறார்கள். கண் தெரிகிற பிள்ளையை பிரெய்லிக்குக் கட்டாயப்படுத்தினால் விரலை விட்டுவிட்டுப் புள்ளியைக் கண்ணால் பார்த்துப் படிக்கும், அதைப் பார்த்திருக்கிறேன். முதலில் அளந்து பார்க்க வேண்டும். பெரிய எழுத்தில் நிமிடத்துக்கு எத்தனை சொல், அரை மணி கழித்து எத்தனை, காதால் கேட்டு எவ்வளவு புரிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையே திரும்ப அளந்தால் பிரெய்லி எப்போது தேவை என்பது தானே தெரியும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கேட்டுக் கேட்டே படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை அதிகமாகிறது. ழ, ல, ள காதில் ஒன்றாகவே விழுகின்றன. அதற்காகவாவது, வாரத்தில் இரண்டு நாள், ஒரு விளையாட்டுப் போலத் தொடங்கலாம்.

திருச்சி_தாய் | ஜூலை 15, மாலை 4:00

விளையாட்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. பிரெய்லி பலகையில எழுத்தாணியால வலமிருந்து இடமாக் குத்தணும், தாளைத் திருப்பினா இடமிருந்து வலமாப் படிக்கும். என் மகளும் அவ தம்பியும் அதுல ரகசியக் கடிதம் எழுதி விளையாடுவாங்க. அவனுக்குக் கண் நல்லாத் தெரியும், ஆனா அக்காவுக்காகக் கத்துக்கிட்டான். வீட்ல இன்னொருத்தர் சேர்ந்து கத்துக்கிட்டா பிள்ளைக்குச் சுமையாத் தெரியாது.

நெல்லை_அப்பா | ஆகஸ்ட் 2, இரவு 8:50

பாடப் புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வாசிக்க வைக்க முடியுமா? பி.டி.எஃப். இறக்கி வச்சேன், தமிழ் எல்லாம் உளறுது.

கோவை_ஆர்பி | ஆகஸ்ட் 2, இரவு 10:20

அது உங்க கம்ப்யூட்டர் கோளாறு இல்ல அண்ணே. யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவுல அச்சடிச்ச கோப்பா இருக்கும். பார்க்கத் தமிழ், உள்ளே வேற எழுத்துக் குறி. திரைவாசிப்பான் உள்ளே இருக்கிறதைத்தானே படிக்கும்? பக்கத்தைப் படமா எடுத்து, படத்துல இருந்து எழுத்தைப் பிரிக்கிற மென்பொருள்ல ஓட்டினா யூனிகோடா வந்துடும். அட்டவணையும் கணக்கும் மட்டும் சிதறும், அதை ஆள் உக்காந்து திருத்தணும்.

வாசிக்கிறதுக்கு என்.வி.டி.ஏ.ங்கிற திரைவாசிப்பான் இலவசம், தமிழ்க் குரல் உண்டு. ஆண்ட்ராய்ட் போன்ல அதே வேலையைச் செய்யுற டாக்பேக் ஏற்கெனவே இருக்கு. சுகம்ய புஸ்தகாலயான்னு 2016-ல ஆரம்பிச்ச இணைய நூலகம் இருக்கு, அச்சுப் படிக்க முடியாதவங்களுக்கு மட்டும். மதுரை சுந்தரராஜன்பட்டியில இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கு, பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-ல தொடங்கினது. ஒரு நடை போயிட்டு வாங்க. அங்கே கணினியில சரசரன்னு வேலை செய்யுற பிள்ளைகளைப் பார்த்துட்டு வந்தாலே உங்க மகனுக்குப் பாதி பயம் போயிடும்.

திண்டுக்கல்_அம்மா | செப்டம்பர் 28, இரவு 9:45

காலாண்டு முடிஞ்சுது. சரியாப் போனதும் இருக்கு, போகாததும் இருக்கு.

அட்டை வாங்கிட்டோம். மருத்துவ முகாம்ல காலை ஒன்பது மணிக்கு உக்காந்து, மூணு மணிக்குக் கூப்பிட்டாங்க. 40 சதவீதம் போட்டாங்க, மறுமதிப்பீடு தேவைன்னு எழுதி வாங்கிட்டேன். என் மாமியாரே கூட வந்தாங்க. "கல்யாணத்தை அப்புறம் பார்த்துக்கலாம், பிள்ளை முதல்ல பரீட்சை எழுதட்டும்"ன்னு சொன்னது அவங்கதான்.

வினாத்தாளை 24-ல கேட்டிருந்தேன். ஜெராக்ஸ் கடையில பெருசாக்கி ஏ3 தாள்ல கொடுத்துட்டாங்க. எழுத்து பெருசுதான், ஆனா சாம்பல் பூத்த மாதிரி மங்கல். தாள் டெஸ்க்கை விட அகலம், தொங்கித் தொங்கிக் கீழே விழுந்துச்சாம். தமிழ்ப் பரீட்சையில கண்காணிப்புக்கு வந்த ஆசிரியைக்குக் கூடுதல் நேரம் பத்தித் தெரியல, எல்லாரோடயும் சேர்த்து வாங்கிட்டாங்க. இவளும் வாய் திறக்கல. வீட்டுக்கு வந்து, "தெரிஞ்ச கேள்விம்மா, இன்னும் ஒரு பக்கம் இருந்துச்சு"ன்னு அழுதா.

மறுநாளே போய்ச் சொன்னேன். ஹெச்.எம். வருத்தப்பட்டாங்க, கண்காணிப்பாளர் மேசையில ஒட்டுற மாதிரி ஒரு உத்தரவுச் சீட்டு அடிச்சுக் கொடுத்தாங்க. மத்த நாலு பரீட்சையும் நல்லபடியா எழுதினா.

கணக்கு_டீச்சர் | செப்டம்பர் 29, காலை 7:20

தாளைப் பெருசாக்குவது வேறு, எழுத்தைப் பெருசாக்குவது வேறு. வினாத்தாள் கணினியில்தானே அடிக்கப்படுகிறது? அந்தக் கோப்பையே வாங்கி எழுத்து அளவை மாற்றி ஏ4-இல் எடுக்கச் சொல்லுங்கள். பக்கம் கூடும், தாள் தொங்காது, கறுப்பும் கறுப்பாகவே இருக்கும்.

இன்னொன்று, பத்தாம் வகுப்பை இப்போதே யோசியுங்கள். பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும் சொல்வதை எழுத ஓர் ஆசிரியரும் கேட்டுப் பெறலாம். விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும், சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். எழுத்தர் வந்துவிட்டால் சுலபம் என்று நினைக்காதீர்கள். விடையை முழு வாக்கியமாக, நிறுத்தற்குறியோடு, அவர் எழுதும் வேகத்துக்குச் சொல்வது தனிப் பழக்கம். ஒன்பதாவதிலேயே வாரம் ஒரு தேர்வை அப்படி எழுதிப் பழகட்டும். மொழிப்பாட விலக்கு உரிமைதான், கட்டாயம் இல்லை. தமிழை விட்டுவிடலாமா என்பதை மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

திண்டுக்கல்_அம்மா | டிசம்பர் 23, இரவு 8:30

அரையாண்டு ஏ4-ல, 24-ல, கறுப்பா வந்துச்சு. தமிழ்ல 71. காலாண்டுல 48.

சிறப்புப் பயிற்றுநர் மாசத்துக்கு ரெண்டு தடவை வர்றாங்க. பிரெய்லி சனிக்கிழமை மட்டும். அவ தோழி ஒருத்தியும் கூட உக்காந்து கத்துக்கிறா. இதுவரைக்கும் உயிர் எழுத்தும் க, ச, ட, த, ப வரிசையும் முடிச்சிருக்காங்க. பார்வை போன வாரம் பார்த்தப்ப 6/60. இறங்கியிருக்கு. டாக்டர் சொன்னப்ப அவ பேசாமக் கேட்டுட்டு, "அப்ப எழுத்து 28 ஆக்கிப் பார்க்கணுமா?"ன்னு மட்டும் கேட்டா.

ஜனவரியில அறிவியலுக்குப் புது டீச்சர் வர்றாங்களாம். நான் அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்து வச்சேன். "வேண்டாம்மா, நான் கொடுத்துக்கிறேன்"னு கறுப்பு மார்க்கரை எடுத்து, கோடு போடாத தாள்ல பெருசு பெருசா எழுதி வச்சிருக்கா:

"மிஸ், உங்க காதைப் பார்த்தா நான் உங்களைத்தான் பார்க்கிறேன். போர்டுல எழுதுறதைச் சொல்லிக்கிட்டே எழுதுங்க. படம் வரைஞ்சா நான் எழுந்து கிட்ட வருவேன்."

நெல்லை_அப்பா | டிசம்பர் 23, இரவு 9:10

என் மகனுக்கு இதை வாசிச்சுக் காட்டினேன். தாள் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கான்.